பூங்கோதையின் மூக்குத்தி எந்தப் பக்கம்?

சித்திரை ஒன்றாம் தேதி எங்கள் வீட்டைப் புதிதாக வரைந்து கொடுத்தார்கள். சோபா சரியாக வந்திருந்தது. ஜன்னல் சரியாக வந்திருந்தது. மனைவிதான் வேறு ஆள்.

தப்பு என்னுடையது.

எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா வீட்டையும் வரைந்தாக வேண்டும். வீட்டுக்காரர் ஒரு ப்ராம்ப்ட் எழுதிப் பட அலுவலகத்தில் கொடுப்பார். ஏஐ மெஷின் வரையும். படத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அடுத்த சித்திரை வரை வீட்டில் இருக்கும். பிடிக்கவில்லையென்றால் பத்து நாளுக்குள் திருத்தம் கேட்கலாம். இரண்டு தடவைதான் கேட்கலாம். பத்தாம் நாள் மாலை ஐந்து மணிக்கு முத்திரை விழும். அதற்குப் பிறகு யார் சிபாரிசும் செல்லாது.

நான் தணிகாசலம். ப்ராம்ப்ட் எழுதிக் கொடுப்பது என் தொழில். பட அலுவலக வாசலில், புங்க மரத்தடியில், மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பேன். தணிகாசலம் எழுதினால் கைக்கு ஐந்து விரல்தான் வரும் என்று ஊரில் பேச்சு உண்டு.

வருகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். முதலில் எழுதுவதைத்தான் மெஷின் பெரிதாக எடுத்துக்கொள்ளும். முக்கியமானதை முதலில் எழுது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல். 'அழகான' என்று எழுதாதே. கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை எழுது. நீ சொல்லாமல் விட்டதை மெஷின் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும்.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பிக்காதே. நம் ஆட்களுக்குப் பேனாவை எடுத்தாலே கை அதைத்தான் எழுதும். எழுதினால் படத்தில் ஐயா வந்துவிடுவார். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் ஒரு ஐயா இருக்கிறார். சபாரி சூட் போட்டு, கையில் ஃபைலோடு, ஹாலில் நிற்கிறார். சாப்பாடு கேட்பதில்லை. ஆனால் டிவியை மறைக்கிறார்.

அடுத்து, 'வேண்டாம்' என்று எழுதாதே. மெஷினுக்கு வேண்டாம் என்பது காதில் விழாது. பக்கத்து வீட்டு இருதயராஜ் சார் போன வருஷம் என்னிடம் வராமல் தானே எழுதினார். எதற்கும் இருக்கட்டுமே என்று கடைசியில் 'வாசலில் யானை வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்தார். அதுவரை யாரும் யானையைப் பற்றிப் பேசவே இல்லை. இப்போது வாசலில் யானை நிற்கிறது. அதனிடம் எதைச் செய்யாதே என்கிறோமோ அதைச் செய்கிறது.

இவ்வளவும் தெரிந்த நான் என் வீட்டுக்கு நாற்பத்திரண்டு வரி எழுதினேன். சோபா துணியின் கோடு எத்தனை என்று எழுதினேன். ஜன்னல் கம்பியில் துரு எங்கே என்று எழுதினேன். நாலு மணி வெயில் இடது பக்கமாக விழுவதையும், அதில் தூசி பறப்பதையும் எழுதினேன். வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். கடைசி வரியை அவசரமாக எழுதினேன்.

'சோபாவில் மனைவி.'

அவ்வளவுதான்.

வந்தது வேறு ஆள் என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. சீசன் நேரம். வேலை அதிகம். பத்தாம் நாள் மதியம் மூன்றரைக்கு, குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

காத்திருந்தேன். ஒரு நிமிஷம் ஆயிற்று. யாரும் திட்டவில்லை. ஹாலுக்குப் போனேன்.

சோபாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையை லேசாகச் சாய்த்திருந்தாள். முகத்தில் ஒரு மரு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. மாலை வெயில் அவள் மேல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் மூடியிருந்தது. இடது கையில் ஆறு விரல்.

"நீங்க யாரு?" என்றேன்.

"மனைவி."

"யாரோட மனைவி?"

"சோபாவில் மனைவி" என்றாள். "தங்களுக்குத் தேநீர் கொண்டு வரட்டுமா?"

குற்றம் சொல்ல முடியாத பெண். எழுதினபடி வந்திருந்தாள். பூங்கோதையைப் பற்றி அவளிடம் கேட்டேன். பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் இருந்தவள் என்றேன். அப்படி ஒருவரைப் படத்தில் தான் பார்க்கவில்லை என்றாள். சுவரில் எங்கள் கல்யாண போட்டோவைப் பார்த்தேன். வீட்டோடு சேர்த்து அதையும் வரைந்திருந்தார்கள். மாலையோடு என் பக்கத்தில் இவள்தான் நின்றாள். தலை அதே சாய்வு.

மணி மூன்று நாற்பது.

வெளியே ஓடினேன். அவளும் கூடவே வந்தாள். பழைய படம் இல்லாமல் திருத்த மனு வாங்க மாட்டார்கள். இவள்தான் பழைய படம். இருதயராஜ் சார் கேட்டில் சாய்ந்துகொண்டு நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அதான் பத்து நாளாக உங்கள் வீட்டில் சத்தமே இல்லையா என்று நிதானமாகச் சொன்னார். ஆட்டோவுக்கு நிற்காதீர்கள், யானையில் ஏறுங்கள் என்றார். இருவரும் ஏறினோம்.

"போகாதே" என்றார் இருதயராஜ் சார்.

யானை போயிற்று.

கடைத்தெரு வழியாகப் போனோம். எங்கள் ஊரில் எந்தப் பெயர்ப் பலகையிலும் எழுத்து சரியாக வராது. மெஷினுக்கு எழுத்து வராது. தமிழ் மாதிரி இருக்கும்; ககரத்துக்கு ஒரு கால் கூடுதலாக இருக்கும். பழகிவிட்டது. மருந்துக்கடையை வாசனையை வைத்துக் கண்டுபிடிப்போம்.

பட அலுவலகத்தின் முன் யானையை நிற்காதே என்றேன். நின்றது. பியூன் ஏணி மேல் ஏறி, வாசலில் ஒரு புதுப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தார். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. மணி நாலு ஐந்து. நான் நிற்கவில்லை.

அப்போதே நின்றிருக்க வேண்டும்.

பட அலுவலகத்து வராந்தா, நம் கையில் இருக்கும் மனுவின் நீளத்துக்கு இருக்கும். ஒரு வரிக்கு ஐம்பது அடி. என் கையில் வெள்ளைக் காகிதம்தான் இருந்தது. நாலே எட்டு வைத்துக் கவுண்டருக்குப் போய்விட்டேன்.

கவுண்டரில் ஜெயசீலி மேடம். அந்த அலுவலகத்தில் எனக்கு நெடுநாள் பழக்கம். ஆனாலும் முதல் தடவை பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். பூங்கோதை என்று ஒருவர் இருந்தார் என்பதற்கான படிவத்தைக் கொடுத்தார். அதில் இல்லாதவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் ஒன்று இருந்தது. சோபாவில் மனைவி அவள் சார்பாகப் போட்டாள். ஆறு விரலாலும் பேனாவைப் பிடித்துக்கொண்டு, வெகு நேர்த்தியாக, தமிழ் மாதிரி ஏதோ எழுதினாள். மேடம் திருப்தியாகத் தலையாட்டினார்.

"அடையாளம்?" என்றார்.

"மூக்குத்தி போட்டிருப்பா."

"எந்தப் பக்கம்?"

வாயைத் திறந்தேன். பதில் வரும் என்றுதான் திறந்தேன்.

வரவில்லை.

பின்னால் வரிசையில், மாடிப்படி எங்கேயும் போகாமல் முடிந்துவிட்ட வீட்டுக்காரர் ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வாசல்ல உக்காந்து ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கிறீங்க" என்றார் மேடம். "தப்புப் பக்கம் எழுதினா வேற ஆளுதான் வருவாங்க. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. சோபாவில் மனைவியும் என் முகத்தைப் பார்த்தாள். சாய்ந்த தலையோடு.

மூக்குத்தியை விட்டுவிட்டு எழுதலாம் என்று முடிவு செய்தேன். நான் விட்டதை மெஷின் நிரப்பும். பாதிக்குப் பாதி வாய்ப்பு. கை தன்பாட்டுக்கு எழுதியது. 'மாநிறம். ஐந்தடி இரண்டு அங்குலம். குடும்பப் பாங்கானவர். இனிமையாகப் பழகுபவர்.' எழுதும்போதே ஏதோ உறுத்தியது. எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. கொடுத்துவிட்டேன்.

மெஷின் அறையின் ஷட்டர் மேலே போயிற்று.

பட்டுப்புடவையில் இருபத்து நாலு வயசுப் பெண் ஒருத்தி வந்தாள். கையில் தட்டு. தட்டில் பஜ்ஜி. பின்னாலேயே அவள் அப்பா, அம்மா, தாய்மாமா, கூடவே ஒரு புரோக்கர். ஆளுக்கொரு நாற்காலியோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பெண்ணுக்கு முகமே இல்லை. குனிந்த தலைதான் இருந்தது. நான் எழுதியது ப்ராம்ப்ட் இல்லை. வரன் தேவை விளம்பரம்.

தப்பாக வந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர்கள் அசையவில்லை. பெண் பாடுவாள் என்றார் அப்பா. மணி நாலரை. மேடம் கவுண்டருக்கு வெளியே தலையை நீட்டி, அவங்ககிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க சார் என்றார்.

கை கூப்பினேன்.

"வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றேன்.

எல்லோரும் சந்தோஷமாக எழுந்து போனார்கள். பஜ்ஜியை விட்டுவிட்டுப் போனார்கள். மேடம் ஒன்று எடுத்துக்கொண்டார்.

இன்னும் ஒரு வாய்ப்பு. அரை மணி நேரம்.

பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். பூங்கோதையைப் பார்க்க முயற்சி செய்தேன். வந்தாள். ஆனால் முதுகுதான் வந்தது. சமையலறை ஜன்னல். அடுப்பு. அதன் முன்னால் முதுகு. பத்தொன்பது வருஷமாக நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் அடுப்படியில் நிற்கிறாள். பேசுவதெல்லாம் அப்படியேதான். முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்த இடத்தில் குக்கர் ஆவிதான் இருந்தது.

சோபாவில் மனைவி எழுந்து வந்தாள்.

"நான் அவர் நிற்கும் இடத்தில் நிற்கிறேன்" என்றாள். "தவறு எங்கே என்று சொல்லுங்கள்."

அங்கிருந்த எவருக்கும் தோன்றாத யோசனை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் பார்த்தேன். அப்படி இல்லை, இரண்டு காலிலும் நிற்க மாட்டாள் என்றேன். அவள் ஒரு காலில் பாரம் போட்டாள். வலது காலால் இடது குதிகாலைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள் என்றேன். தேய்த்தாள். கை ஈரத்தை இடுப்பில் துடைப்பாள். அந்த இடத்தில் மஞ்சள் கறை போகவே போகாது. கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் கொண்டை போடுவாள், போட்டுக்கொண்டேதான் பேசுவாள். முன்னால் மட்டும் டை அடிப்பாள். பிடரியில் இரண்டு அங்குலம் வெள்ளை. தோளில் ஊக்கு குறுக்காக இருக்கும். வலது முழங்கையில் தோசைக்கல் சுட்ட தழும்பு. சிங்க் ஒழுகுவதால் புடவைக் கரை இடது பக்கம் எப்போதும் நனைந்திருக்கும். நாம் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் நடுவில் விசில் எண்ணுவாள்.

சொல்லச் சொல்ல எழுதினேன். தொழிலில் இப்படி நான் எழுதினதே இல்லை. ஒரு 'அழகான' கூட இல்லை.

பத்து வரி வந்தது. பதினோராவது வரியில்தான் என் புத்தி வேலை செய்தது.

முகம் தெரியவில்லையென்றால் முகத்தைப் பற்றி எழுத வேண்டாம். முதுகை எழுதினால் போதும். முதுகு சரியாக இருந்தால் வருகிறவள் பூங்கோதைதான். வந்தவள் தானாகத் திரும்பட்டும். மூக்குத்தியை எந்தப் பக்கம் போட்டிருக்கிறாளோ அந்தப் பக்கத்தோடு திரும்பட்டும். அவளைத் திருப்ப எனக்கு வழி தெரியும்.

எழுதினேன். 'திரும்பிப் பார்க்க வேண்டாம்.'

நிமிர்ந்து பார்த்தால் வராந்தா பதினோரு வரி நீண்டு கிடந்தது. ஐந்நூற்றைம்பது அடி. கோடியில் கவுண்டர் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. மணி நாலு ஐம்பத்தாறு.

ஓடினேன். சோபாவில் மனைவி எனக்கு முன்னால் ஓடினாள். அவள் மேல் விழுந்த மாலை வெயிலும் கூட ஓடியதால் வழி நன்றாகத் தெரிந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்குக் காகிதத்தைக் கவுண்டரில் வைத்தேன்.

மேடம் படித்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

"ஐயான்னு போடலையே?"

போட்டால் அவர் வந்துவிடுவார் என்றேன்.

"மொட்டையா எழுதினா எப்படி வாங்கறது? இத்தனை நாள் நான் பாக்கலை. பாத்துட்டேன்ல இப்போ."

பேனா என் கையில்தான் இருந்தது. இருபது வருஷ வைராக்கியம். சுவர்க் கடிகாரம் முள்ளை நகர்த்துவதற்கு மூச்சை இழுத்தது. உச்சியில் எழுதினேன். 'மதிப்பிற்குரிய ஐயா.' ஒரு வரி கூடியதால் கவுண்டர் ஐம்பது அடி பின்னால் போயிற்று. பாய்ந்து போய்க் கொடுத்தேன்.

முத்திரை விழுந்தது. மணி ஐந்து.

கடைசி வாய்ப்பு கவுண்டருக்கு வராது. நேராக வீட்டுக்குப் போய்விடும். பழைய படத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். சோபாவில் மனைவியை ஒரு வீட்டுக்கடன் விளம்பரத்துக்கு அனுப்புவதாக மேடம் சொன்னார். அங்கே சோபா இருக்கிறதாம்.

அவளுக்கு நன்றி சொன்னேன். பெயர் சொல்லி நன்றி சொல்லலாம் என்று பார்த்தேன். நான் அவளுக்குப் பெயர் எழுதவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு போனாள். இப்போது பைபாஸ் ரோட்டில் அந்த விளம்பரப் பலகை இருக்கிறது. சாவியை நீட்டிக்கொண்டு சிரிக்கிறாள். ஒரு காலில்தான் நிற்கிறாள்.

வெளியே வந்து யானை மேல் ஏறினேன்.

"போகாதே" என்றேன்.

யானை போகவில்லை.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை சொன்னேன். அது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, நின்ற இடத்திலேயே நின்றது.



மெதுவாகத் தலையைத் தூக்கிப் புதுப் பலகையைப் பார்த்தேன். ககரத்துக்கு ஒரு கால்தான் இருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் படிக்க முடிந்தது.

'இன்று பிற்பகல் மூன்று மணி முதல் மெஷினில் புதிய பதிப்பு செயல்படும். இனி எழுத்துகள் சரியாக வரும். வேண்டாம் என்றால் வேண்டாம். ஏற்கெனவே வரைந்தவற்றுக்கு ஐந்து மணி முதல் பொருந்தும்.'

"போ" என்றேன். யானை போயிற்று.

வீட்டு வாசலில் இறங்கியபோது உள்ளே விசில் சத்தம் கேட்டது.

"ரெண்டு" என்றது ஒரு குரல்.

செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். சமையலறையில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, முதுகு. பிடரியில் இரண்டு அங்குலம் வெள்ளை. ஊக்கு குறுக்காக. வலது கால் இடது குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?" என்றாள்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பூங்கோதைதான். சந்தேகமே இல்லை.

கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பேன் என்றேன். முடியலைங்க, என்னமோ பிடிச்சிருக்கு என்றாள். இடது பக்கமாகப் போனேன், முதுகு இருந்தது. வலது பக்கமாகப் போனேன், அங்கேயும் முதுகு. கொல்லைப்புறம் ஓடிப் போய் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தாலும் அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள்.

அவளுக்கு முன்னால் ஐயா நின்றார். முதல் வரியில் எழுதியதால் கொஞ்சம் பெரிதாகவே வந்திருந்தார். தலை பரணில் இடித்தது. சபாரி சூட். ஃபைல். ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில், அவளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, நிம்மதியாக நின்றார்.

உள்ளே வந்தேன். கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"பூங்கோதை, மூக்குத்தி எந்தப் பக்கம் போட்டிருக்கே?"

குதிகால் தேய்ப்பது நின்றது. அப்புறம் விசில் வந்தது.

"மூணு" என்றாள். கிளிப்பைப் பல்லில் வைத்தாள். "பத்தொன்பது வருஷமா எங்கேங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

நீயே சொல்லிவிடேன், அடுத்த சித்திரைக்கு எழுத வேண்டும் என்றேன். தப்பாக எழுதினால் வேறு ஆள் வந்துவிடும் என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள். கோபமாக இல்லை. தோள் லேசாகக் குலுங்கியது, சிரித்தாளோ என்னவோ. "அவரைக் கேளுங்க. வந்ததுலேர்ந்து அவருதான் பாத்துக்கிட்டு இருக்காரு."

ஐயாவைப் பார்த்தேன். ஐயா அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எழுத்து மூலமா குடுங்க" என்றார்.

நேராகப் படுக்கையறைக்குப் போனேன். துண்டைக் கட்டிலிலிருந்து எடுத்துக் கொடியில் உதறிப் போட்டேன். திரும்பி வந்து, மடக்கு மேஜையைச் சமையலறையிலேயே விரித்தேன். வழக்கமான இடத்தில் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில், அவள் முழங்கை இடிக்கிற தூரத்தில். பேனாவைத் திறந்தேன்.

'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினேன்.

"நாலு" என்றாள் பூங்கோதை. "அடுப்பை அணைங்க."

எழுந்து போய் அணைத்தேன்.